நாமினி போட்டாச்சு, சொத்து யாருக்கு?

வங்கியில் டெத் கிளெய்ம் மேசையில் ஏழு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் ஈரோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து முப்பத்தைந்து வயதிருக்கும் பெண் ஒருவர் வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் கணவரின் இறப்புச் சான்றிதழ், நான்கு லட்ச ரூபாய் டெபாசிட் ரசீது, இரண்டு பிள்ளைகளின் ஆதார் நகல். கணினியில் தட்டிப் பார்த்தால் நாமினி என்ற இடத்தில் கணவருடைய தம்பியின் பெயர். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட டெபாசிட். வருடா வருடம் தானாகப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது. பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அப்போ பணம் என் கொழுந்தனாருக்கா சார்?"

"அவர் கைக்குப் போகும்மா. ஆனா அவருக்குப் போகாது."

இந்தப் பதிலை அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் நின்ற கொழுந்தனாருக்கும் புரியவில்லை. நல்ல மனிதர்; மூன்றாம் நாள் பணம் தன் கணக்கில் விழுந்ததும் அப்படியே அண்ணி பெயருக்கு மாற்றிவிட்டுப் போனார். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கொழுந்தனார் வாய்ப்பதில்லை.

'கைக்குப் போவது', 'அவருக்கே போவது' என்ற இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால், சொத்து விஷயத்தில் முக்கால்வாசிக் குழப்பம் தீரும். டீக்கடையிலும் வாட்ஸப்பிலும் இதைப் பற்றி ஆளுக்கொரு சட்டம் பேசுகிறார்கள். அதனால் அடியிலிருந்து வருவோம்.

எஸ்டேட் என்றால் வால்பாறை இல்லை

'எஸ்டேட் பிளானிங்' என்ற சொல்லைக் கேட்டதும், அது தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களின் சமாசாரம் என்று நம் ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். சட்டத்தின் பேச்சில் எஸ்டேட் என்பது ஒருவர் போகும்போது விட்டுச் செல்லும் எல்லாமும். அரை கிரவுண்டில் கட்டிய வீடு, பிஎஃப் பணம், எல்ஐசி பாலிசி, அடகில் இருக்கும் நகை, டூவீலர், கூட்டுறவு வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்ததுதான் எஸ்டேட். ஆமாம், கடனும் சேர்த்திதான். அதெல்லாம் யாரிடம், எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே தீர்மானித்து வைப்பதுதான் பிளானிங்.

பணக்காரர்களுக்கு இது வரி மிச்சம் பிடிக்கும் கலையாக இருக்கலாம். நமக்கு அந்தக் கவலை இப்போது இல்லை. இறந்தவர் சொத்தின் மீது வாங்கிய எஸ்டேட் வரி ஒரு காலத்தில் 85 சதவீதம் வரை போனது. 1985இல் அதை எடுத்துவிட்டார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு இதில் இருப்பது ஒரே ஒரு வேலை: பின்னால் இருப்பவர்கள் தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலையாமல் பார்த்துக்கொள்வது.

நாமினி: மொய் நோட்டோடு உட்கார்ந்திருப்பவர்

கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு மேசை போட்டு, நம்பிக்கையான ஒருவரை மொய் எழுத உட்கார வைப்போம். வருகிறவர்கள் எல்லோரும் பணத்தை அவர் கையில்தான் கொடுப்பார்கள். அவர் வாங்கி, நோட்டில் எழுதி, பையில் போட்டுக்கொள்வார். மாலையில் பையில் மூன்று லட்சம் சேர்ந்திருந்தால் அது அவருடைய பணமா? பணத்தை வாங்கிக்கொள்ள அவருக்கு அதிகாரம் உண்டு. வைத்துக்கொள்ள உரிமை இல்லை. கல்யாண வீட்டுக்காரரிடம் கணக்கோடு ஒப்படைக்க வேண்டியவர் அவர்.

நாமினி என்பவர் அந்த மொய் மேசைக்காரர். கணக்கு வைத்திருந்தவர் இறந்த பிறகு வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு முடிகிறதோ, அவர். அதற்கு மேல் அந்தப் பணம் யாருடையது என்பதை வங்கி பார்ப்பதில்லை. 1983இல் ஒரு எல்ஐசி பாலிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், பணம் வாரிசுகளுக்கு உரியது. கம்பெனிப் பங்குகளுக்கு நாமினியாக இருப்பவர் கதை வேறு என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். 2023 டிசம்பரில் அங்கேயும் இதே தீர்ப்புதான் வந்தது.

வாரிசு என்றால் யார்? இறந்தவரின் சொத்தில் சட்டப்படி பங்கு உள்ளவர். அவ்வளவுதான். நாமினியும் வாரிசும் ஒரே ஆளாக இருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் மனைவி இரண்டுமாக இருக்கிறார். அதனால்தான் இந்தக் குழப்பம் வெளியே தெரியாமலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்ஷூரன்சில் ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். 2015இல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் பணம் அவருக்கே உரியது என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அதைச் சுற்றி நீதிமன்றங்களில் வாதம் இன்னும் நடக்கிறது. ஆகவே உயிலிலும் அதே பெயரை எழுதிவிட்டால் வம்பில்லை.

பிஎஃப்பில் வேறொரு சங்கதி. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவையோ தம்பியையோ நாமினியாகப் போட்டிருப்போம். கல்யாணம் ஆன அன்றே அந்த நாமினேஷன் செல்லாததாகிவிடும். புதிதாகப் போட வேண்டும். எத்தனை பேர் போடுகிறோம்? வங்கி டெபாசிட்டில் அப்படித் தானாக எதுவும் ரத்தாகாது. மஞ்சள் பைக்காரப் பெண்ணுக்கு நடந்தது அதுதான்.

அப்படியானால் நாமினியே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். மொய் மேசையில் ஆள் இல்லாத கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். நாமினி இல்லாத கணக்கென்றால் எல்லா வாரிசுகளும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் துபாயில் இருப்பார், ஒருவர் பேச்சுவார்த்தையில் இருக்க மாட்டார். தொகை பெரிதென்றால் கோர்ட் சான்றிதழ் வேறு. 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம். வசதிதான். ஆனால் சதவீதம் பிரித்ததாலேயே பாகம் பிரித்தாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மேசையில் நான்கு பேரை உட்கார வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நாமினி பணத்தை வாங்குபவர், வாரிசு பணத்துக்கு உரியவர். வாரிசு யார் என்பதை உயில் தீர்மானிக்கும். உயில் இல்லையென்றால் சட்டம் தீர்மானிக்கும்.

உயில் இல்லாவிட்டால் முதல் பந்தி

உயில் என்பது, என் காலத்துக்குப் பிறகு என் சொத்து இன்னாருக்கு என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கும் தாள். அதை எழுதாமல் போனவர் சொத்துக்கு அரசாங்கம் ஏற்கெனவே ஒரு உயில் எழுதி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்துக்களுக்கு அதன் பெயர் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் இதுவேதான்.

அந்தச் சட்டம் பந்தி முறையில் நடக்கிறது. இறந்தவர் ஆணாக இருந்தால், முதல் பந்தியில் உட்காருபவர்கள்: மனைவி, மகன்கள், மகள்கள், தாய். அவருக்கு முன்பே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அந்த இலை உண்டு. எல்லாருக்கும் சம அளவு. பெரிய மகனுக்குக் கூடுதல், கட்டிக்கொடுத்த மகளுக்குக் குறைச்சல் என்ற பேச்சு கிடையாது. முதல் பந்தியில் ஒரே ஒருவர் இருந்தாலும் இரண்டாம் பந்திக்கு இலை விழாது.

இதில் நம்மவர்கள் இரண்டு இடத்தில் அதிர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, அப்பா முதல் பந்தியில் இல்லை. அம்மா உண்டு, அப்பா இல்லை. அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாம் அதற்கும் பின்னால். இரண்டாவது, 'என் புருஷன் சொத்து எனக்குத்தானே' என்று நினைக்கும் மனைவிக்கு, பிள்ளைகளோடும் மாமியாரோடும் சேர்ந்து ஒரு பங்குதான்.

மாமியாரின் கால் பங்கு

இதை மட்டும் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஏனென்றால் வீடு விற்க முடியாமல் நின்றுபோகும் கதைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒருவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, மதிப்பு 48 லட்சம். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான தாய் இருக்கிறார்கள். அப்பா முன்பே காலமாகிவிட்டார். நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு: தலா 12 லட்சம். மாமியார் அதே வீட்டில்தான் இருக்கிறார், அவர் எதுவும் கேட்கவில்லை. யாரும் எதையும் எழுதவும் இல்லை.

மூன்று வருடம் கழித்து மாமியாரும் போய்விடுகிறார். அவருடைய 12 லட்சம் எங்கே போகும்? மருமகளுக்குப் போகாது. மாமியாரின் பிள்ளைகளுக்குப் போகும். அவருக்கு இறந்த மகனோடு சேர்த்து இரண்டு மகன், ஒரு மகள் என்றால் மூன்றாகப் பிரியும்: இருக்கும் மகனுக்கு 4 லட்சம், மகளுக்கு 4 லட்சம், இறந்த மகனின் இடத்தில் பேரனும் பேத்தியும் சேர்ந்து 4 லட்சம்.

ஆக, தன் கணவர் கட்டிய வீட்டை இந்தப் பெண் விற்க வேண்டுமென்றால் கொழுந்தனாரும் நாத்தனாரும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சட்டம் அவர்கள் கையில் ஆளுக்கு 4 லட்சத்தைக் கொடுத்துவிட்டது, கேட்கத்தானே செய்வார்கள்? கணவர் ஒரு வெள்ளைத்தாளில் 'என் மனைவிக்கு' என்று முறையாக எழுதி வைத்திருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது. அம்மாவை விட்டுவிட மனமில்லையென்றால், 'அம்மா உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் வசிக்கலாம்' என்று அதே உயிலில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

'தாத்தா சொத்து பேரனுக்கு'

ஊரில் சட்டமே படிக்காதவர்களுக்கும் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் தப்பு.

சொத்து இரண்டு வகை. தானே சம்பாதித்து வாங்கியது சுயார்ஜிதம். கூட்டுக் குடும்பச் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரியாமல் வந்து, பிறந்த உடனே குழந்தைக்கும் பங்கு தருவது பூர்வீகச் சொத்து. சுயார்ஜிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பெற்ற பிள்ளையும் தடுக்க முடியாது. பூர்வீகத்தில் தன்னுடைய பங்கை மட்டும்தான் உயிலில் எழுதலாம்.

தாத்தா தன் உழைப்பில் வாங்கிய இரண்டு ஏக்கரை உயில் எழுதாமல் விட்டுப் போனார், அப்பாவுக்கு அதில் ஒரு பங்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். 1956க்குப் பிறகு நடந்த இறப்பென்றால், அந்தப் பங்கு அப்பாவின் தனிச்சொத்து. தாத்தாவிடமிருந்து வந்தது என்பதாலேயே அது பூர்வீகம் ஆகிவிடாது. 1986இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பா உயிரோடு இருக்கும்போது பேரன் அதில் பங்கு கேட்க முடியாது. இது தெரியாமல் அப்பனும் மகனும் கோர்ட் படியேறி, நிலத்தின் விலையில் பாதியை வக்கீல் பீஸாகக் கொடுத்தவர்களை நானே அறிவேன்.

கட்டிக்கொடுத்த மகள்

'சீர் செய்தாச்சு, முப்பது பவுன் போட்டாச்சு, அவளுக்கு இனிமேல் பங்கு இல்லை.' சீரும் நகையும் சட்டத்தின் கண்ணில் பங்குக் கணக்கில் வராது. அப்பாவின் சுயார்ஜிதத்தில் மகளுக்கு 1956 முதலே சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளைச் சேர்த்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதத்தை எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து வருடம் சண்டை போட்டார்கள். வேண்டியதில்லை, பிறப்பிலேயே வந்த உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பதிவாகி முடிந்துபோன பாகப்பிரிவினையை மட்டும் கிளற முடியாது.

மகளுக்கு உண்மையிலேயே வேண்டாம் என்றால், அதை அவர் வாயால் சொன்னால் போதாது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிடும்போதுதான் பல தங்கைகளுக்குத் தனக்கு ஒரு பங்கு இருந்ததே தெரியவரும். அந்த மௌனத்தை நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன்.

பெண் இறந்தால் பந்தி வேறு

பெண்ணின் சொத்துக்கு அதே சட்டத்தில் தனி வரிசை. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்து உட்காருவது பெற்ற தாய் தகப்பன் என்றுதானே நினைப்போம்? இல்லை. கணவரின் வாரிசுகள். அவர்களுக்குப் பிறகுதான் பெற்றோர். தாய் தகப்பனிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு: பிள்ளை இல்லாதவர் என்றால் அது தகப்பன் வீட்டு வாரிசுகளுக்கே திரும்பும். தானே உழைத்துச் சேர்த்ததற்கு அந்த விலக்கு கிடையாது.

2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கல்யாணமான மூன்று மாதத்தில் கணவரை இழந்த பெண். புகுந்த வீட்டார் விரட்டிவிட, பிறந்த வீட்டுக்கு வந்து, படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவர். உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய சேமிப்பைக் கேட்டு ஒரு பக்கம் பெற்ற தாய், மறு பக்கம் விரட்டிய வீட்டின் வாரிசுகள். இரக்கம் வேறு, சட்டம் வேறு என்று நீதிமன்றம் கணவர் வீட்டாருக்கே கொடுத்தது.

என் கருத்தைக் கேட்டால், இந்தப் பிரிவு எப்போதோ மாறியிருக்க வேண்டும். மாறும்வரை, வேலைக்குப் போகும் பெண்கள், குறிப்பாகப் பிள்ளை இல்லாதவர்களும் கணவரை இழந்தவர்களும், இந்தக் கட்டுரையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய் உயில் எழுதினாலும் எனக்குச் சம்மதமே.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு

கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு வராது. முஸ்லிம்களுக்கு ஷரீஅத் முறை: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. வசிய்யத் என்ற உயில் எழுதலாம், ஆனால் கடனும் இறுதிச்சடங்குச் செலவும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கு வரைதான்; அதற்கு மேல் எழுதினால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வோம். உயில் இல்லாவிட்டால் ஒவ்வொரு சமயத்தாருக்கும் ஒரு வரிசை தயாராக இருக்கிறது. அது நியாயமாகவும் இருக்கலாம், உங்கள் மனதில் இருப்பதற்கு நேர் எதிராகவும் இருக்கலாம். பிடிக்கவில்லையென்றால் மாற்ற ஒரே வழி உயில்.

வெள்ளைத்தாள் போதும்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை. வக்கீல்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. வெள்ளைத்தாளில், தமிழில், உங்கள் கையெழுத்திலேயே எழுதலாம். சட்டம் கேட்பது மூன்று: எழுதுபவர் வயது வந்தவராக, தெளிந்த மனதோடு இருக்க வேண்டும், கையெழுத்திட வேண்டும், அவர் கையெழுத்திட்டதைக் கண்ணால் பார்த்த இரண்டு சாட்சிகளாவது கையெழுத்திட வேண்டும்.

அந்த மூன்றாவதில்தான் நிறைய உயில்கள் விழுந்துவிடுகின்றன. அப்பா தனியாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் 'சும்மா ஒரு கையெழுத்து' என்று நீட்டுவார். பின்னாளில் தகராறு வந்தால், சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி 'அவர் போட்டதை நான் பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். அதனால் சாட்சி உங்களைவிட இளையவராக இருக்கட்டும். எழுபது வயதுக்காரர் தன் எழுபத்திரண்டு வயது நண்பரை சாட்சியாக வைப்பது நட்புக்கு அழகு, உயிலுக்கு ஆகாது. சொத்து பெறப்போகிறவரை சாட்சியாகப் போடவே போடாதீர்கள்.

எழுதும்போது 'என் வீடு' என்று மொட்டையாக எழுதாமல், சர்வே எண், பத்திர எண், நான்கு எல்லை எல்லாம் சேர்த்து எழுதுங்கள். கூடவே மூன்று வரிகளை நான் எல்லாரிடமும் வற்புறுத்துவேன். 'இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன்' என்பது ஒன்று. கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும் என்றாலும், இது வாதத்தை அடைக்கும். 'இதில் குறிப்பிடாத மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு' என்பது அடுத்தது. உயில் எழுதிய பிறகு வாங்கும் ஸ்கூட்டரும் போடும் டெபாசிட்டும் இதில் அடங்கிவிடும். 'இவர் எனக்கு முன்பே காலமானால் இன்னாருக்கு' என்பது மூன்றாவது. ஒரு பிள்ளைக்குக் குறைத்தோ, தராமலோ எழுதினால் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். காரணம் இல்லாத உயிலைத்தான் சந்தேகப்படுவார்கள்.

சிறு பிள்ளைகள் இருக்கும் தம்பதிக்கு உயில் இன்னும் அவசரம். அப்பா அம்மா இருவரும் இல்லாமல் போனால் பிள்ளைக்கு யார் கார்டியன் என்பதையும் உயிலில் எழுதலாம். உயிலில் உள்ளதை நடத்திவைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அவருக்கு நிறைவேற்றுநர் என்று பெயர்.

பதிவு கட்டாயமில்லை என்றேன், ஆனாலும் செய்துவிடுங்கள் என்பேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் உயிலுக்கென்றே தனிப் புத்தகம் உண்டு. வீடு வாங்குகிறவர்கள் போட்டுப் பார்க்கும் வில்லங்கச் சான்றில் அது வராது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களைத் தவிர வேறு யாரும் அதன் நகல் வாங்க முடியாது. மருமகன் போய்க் கேட்டாலும் கிடைக்காது. மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். சென்னையில் சொத்து இருப்பவர்கள் மட்டும், உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தரும் சான்றான புரொபேட் பற்றித் தங்கள் வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால்?

'பிள்ளைகள் பெயரில் செட்டில்மெண்ட் பண்ணிவிட்டால் நிம்மதி' என்று பலர் அவசரப்படுகிறார்கள். தான செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வைச் சலுகையும் உண்டு, பதிவு கட்டாயம். உயில் உங்கள் காலத்துக்குப் பிறகு பேசும். செட்டில்மெண்ட் கையெழுத்திட்ட நிமிடமே பேசிவிடும். பிறகு அந்த வீட்டில் நீங்கள் விருந்தாளி. மனம் மாறினாலும் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காத பிள்ளையிடமிருந்து மீட்க வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுத்தில் இருந்தால் கதவு சுலபமாகத் திறக்கும். இல்லையென்றால் இழுபறிதான். குடியிருக்கும் ஒரே வீட்டைச் செட்டில்மெண்ட் செய்யவே கூடாது என்பது என் பிடிவாதம். செய்துதான் ஆக வேண்டுமென்றால், கணவன் மனைவி இருவர் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஒரே மாதிரி பெயர், இரண்டு சான்றிதழ்

வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் தருவது. இ-சேவை மையத்தில் மனுப் போட்டால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து அனுப்புவார்கள். இன்னார் இன்னார் குடும்பத்தினர் என்ற பெயர்ப் பட்டியல் அது. யாருக்கு எத்தனை பங்கு என்று அது சொல்லாது. வாரிசுரிமைச் சான்றிதழ் நீதிமன்றம் தருவது; இறந்தவருக்கு வர வேண்டிய கடன், டெபாசிட், பங்குகள் போன்றவற்றை வசூலிக்கும் அதிகாரம் அதில் உண்டு. முன்னதை வாங்கிவிட்டு எல்லாம் முடிந்தது என்று வங்கிக்கு வந்து, இன்னொன்று கேட்டதும் கோபப்படுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள்.

கடனைப் பற்றியும் ஒரு வரி. அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளையின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. அப்பாவிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு எவ்வளவோ அதுவரைதான் பொறுப்பு. பிள்ளையே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை.

பிஸ்கட் டின்

எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும், எது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியாவிட்டால் பயனில்லை. 2024 மார்ச் நிலவரப்படி, பத்து வருடத்துக்கு மேல் யாரும் கேட்காமல் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்ச் சேர்ந்திருந்த டெபாசிட் பணம் 78,213 கோடி ரூபாய். வாரிசு இல்லாத பணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருப்பதே தெரியாத வாரிசுகளின் பணம். 2023இல் ரிசர்வ் வங்கி ஆரம்பித்த உத்கம் என்ற இணையதளத்தில் பெயரைப் போட்டு, இறந்தவர் பெயரில் ஏதும் கிடக்கிறதா என்று தேடலாம். கிடைத்தால் பத்து வருடம் கழிந்திருந்தாலும் வங்கியில் கேட்டு வாங்கலாம்.

எங்கள் பெரியப்பா அந்தக் காலத்து ஆள். ஒரு சதுரப் பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் வைத்திருந்தார்: தாய்ப் பத்திரம், எல்ஐசி பாண்டு, ரேஷன் கார்டு நகல், ரப்பர் பேண்டு போட்ட பாஸ்புக்குகள். அவர் போன பிறகு திறந்து பார்த்தால், மூடியின் உட்பக்கம் ஒரு நாற்பது பக்கக் கணக்கு நோட்டைச் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார். முதல் பக்கத்தில் கணக்கு எண்கள், யார் யார் நாமினி. இரண்டாம் பக்கத்தில் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் எவ்வளவு தர வேண்டும். பால்காரருக்கு 640 ரூபாய் என்பதுவரை இருந்தது. மூன்றாம் பக்கத்தில் உயில் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், வருடம், எண். அதற்குக் கீழே, 'சாட்சி இருவர் போன் நம்பர் பின் அட்டையில்.'

பின் அட்டையைத் திருப்பினோம். இரண்டு நம்பர்கள் இருந்தன. அதில் ஒன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் புது நம்பர் எழுதியிருந்தார்.